இரவல் கருவிகள்: மருத்துவப் பஞ்சு விளையும் வட்டாரமும் குழந்தைகளின் வீட்டுப் பராமரிப்பும்

நோயுற்ற குழந்தையை வீட்டில் வைத்துப் பராமரிக்க இரண்டு வகைப் பொருள்கள் வேண்டும். பஞ்சு, 'காஸ்' எனப்படும் இடைவெளி மிகுந்த மெல்லிய துணி, கட்டுத்துணி ஆகியவை ஒருமுறை பயன்பட்டதும் எறியப்படுபவை. சக்கர நாற்காலி, வலுவிழந்த காலைத் தாங்கும் காலிபர், நிற்கப் பழக்கும் சட்டம், மருந்தை ஆவியாக்கித் தரும் நெபுலைசர், ஆக்சிஜன் செறிவூட்டி போன்றவை மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ வீட்டில் இருந்து உழைப்பவை. முதல் வகையைத் தொழிலாகச் செய்து விற்று வாழ முடியும் என்பதை இராஜபாளையம் வட்டாரம் ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகளாகக் காட்டிவருகிறது. இரண்டாம் வகையோ தேவைப்படும் குடும்பங்களில் பெரும்பாலானவற்றால் விலை கொடுத்து வாங்க இயலாதது; எனவே அது கொடையாகவோ அரசு உதவியாகவோ இரவலாகவோதான் வீடு வந்து சேர்ந்தது. ஒரே வட்டாரத்தில் இவ்விரண்டும் வந்த வழிகள் ஏன் வேறுபட்டன என்பதை அறிய, அதன் பருத்தித் தொழிலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், மதுரையிலிருந்து தென்காசி செல்லும் சாலையில் அடுத்தடுத்து அமைந்த ஊர்கள். முன்னது ஆண்டாள் கோயிலால் பல நூற்றாண்டுகளாகப் பெயர் பெற்ற தலம். பின்னது விஜயநகரக் காலத்தையொட்டி ஆந்திரப் பகுதியிலிருந்து குடியேறியவர்களாகக் கூறப்படும் ராஜூக்களின் பெயரால் வளர்ந்து, இருபதாம் நூற்றாண்டில் ஆலை நகரமாக மாறிய ஊர். இவ்வட்டாரம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்திலும், பின்னர் இராமநாதபுரம் மாவட்டத்திலும் இருந்து, 1985 முதல் இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் அடங்கியுள்ளது. மலையோரத்தில் மாந்தோப்புகளும் நெல்வயல்களும் இருந்தாலும், கிழக்கே சாத்தூர், விருதுநகர், கோவில்பட்டி வரை விரிந்து கிடக்கும் கரிசல்தான் இதன் தொழில் வரலாற்றைத் தீர்மானித்தது. கரிசலில் விளைந்த பஞ்சு திருநெல்வேலிப் பருத்தி என்ற பெயரில் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஏற்றுமதியாயிற்று. 1880-களிலிருந்து பாபநாசம், தூத்துக்குடி, மதுரை ஆகிய இடங்களில் ஹார்வி நிறுவனத்தார் நிறுவிய நூற்பாலைகள் அதில் ஒரு பகுதியை உள்நாட்டிலேயே நூலாக்கின. விருதுநகரையும் தென்காசியையும் ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வழியாக இணைத்த ரயில்பாதை 1927-இல் திறக்கப்பட்ட பிறகு, இவ்வூர்களுக்குப் பஞ்சு வருவதும் இங்கிருந்து சரக்கு செல்வதும் எளிதாயின.

இந்தச் சூழலில்தான் பி. ஏ. சி. இராமசாமி ராஜா 1936-இல் இராஜபாளையம் மில்லையும், 1939-இல் இராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்லையும் தொடங்கினார். இரண்டாவது ஆலையின் பெயரே அதன் நோக்கத்தைச் சொல்லியது: அறுவை மருத்துவத்துக்கான பஞ்சும் கட்டுத்துணியும் செய்வது. அதே ஆண்டு செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. போர் எங்கும் கட்டுத்துணிக்கான தேவையைப் பெருக்கும் என்பதும், கடல்வழி இறக்குமதியை நிச்சயமற்றதாக்கும் என்பதும் உலகறிந்தவை. எனவே உள்நாட்டில் மருத்துவப் பஞ்சு செய்யும் ஆலை ஒன்று பிறப்பதற்கு அதைவிடப் பொருத்தமான காலம் வாய்த்திருக்க முடியாது.

மருத்துவப் பஞ்சு என்பது வெள்ளையான பஞ்சு மட்டுமன்று. செடியிலிருந்து எடுத்த பருத்தி இழையின் மேல் மெல்லிய மெழுகுப் படலம் உண்டு. எடையில் அது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே என்றாலும், அது இருக்கும்வரை பஞ்சு தண்ணீரில் மிதக்குமே தவிர, தண்ணீரை உறிஞ்சாது. கொட்டை நீக்கித் தூசு போக்கிய பஞ்சைக் காற்றுப் புகாத பெரிய கொதிகலனில் காஸ்டிக் சோடாக் கரைசலுடன் அழுத்தத்தில் வேகவைத்தால் மெழுகு கரைந்து வெளியேறும். பின்னர் வெளுப்பு மருந்துகளால் நிறம் நீக்கி, மருந்தின் சுவடே எஞ்சாதபடி பலமுறை அலசி, உலர்த்தி, சீவு பொறியில் இழைகளை ஒரு போக்காக விரித்து, நீலத்தாளுடன் சேர்த்துச் சுருட்டினால் மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சுச் சுருள் ஆகிறது. வேலை சரியாக நடந்ததா என்பதற்கு மருந்தியல் நூல்கள் வகுத்துள்ள சோதனை மிக எளியது: பஞ்சைத் தண்ணீரில் இட்டால் பத்து வினாடிக்குள் அது மூழ்க வேண்டும். இத்தகைய உறிஞ்சும் பஞ்சு 1870-களில் ஜெர்மனியின் ஹைடன்ஹைம் நகரில் ஹார்ட்மன் ஆலையில் முதன்முதலாகத் தொழில்முறையில் செய்யப்பட்டது. அதற்கு முன்பு ஐரோப்பிய மருத்துவமனைகளில் புண்களின் மேல் வைக்கப்பட்டது, பழந்துணிகளைப் பிய்த்தெடுத்த நூற்சிக்கல்தான். கிருமிகளே சீழுக்குக் காரணம் என்ற கருத்தை ஜோசப் லிஸ்டர் 1867-இல் அறுவை மருத்துவத்தில் நடைமுறைப்படுத்திய பின்னரே, தூய்மையாக ஆலையில் செய்த பஞ்சுக்குத் தேவை பிறந்தது. இரண்டு தலைமுறை கழித்து அத்தொழில் கரிசல் காட்டின் ஓரத்துக்கும் வந்து சேர்ந்தது.

ஆலையிலிருந்து ஊர்களுக்குப் பரவியது பஞ்சைவிடக் கட்டுத்துணியே. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, சமுசிகாபுரம், அய்யனாபுரம், சங்கரபாண்டியபுரம் ஆகிய ஊர்களில் வீட்டோடு ஒட்டிய கொட்டகைகளில் விசைத்தறிகள் ஓடுகின்றன. அவை நெய்வது சேலையோ வேட்டியோ அன்று, பேண்டேஜ் துணி. பாவும் ஊடையும் நெருக்கமின்றி நெய்யப்படும் இத்துணி தறியிலிருந்து இறங்கும்போது பழுப்பேறிய காடாத் துணியாகவே இருக்கும். அதைத் திரட்டிச் செல்லும் உற்பத்தியாளர்கள் வெளுத்து, உலர்த்தி, அளவாக வெட்டிச் சுருட்டி, நாட்டின் பல மாநிலங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் அனுப்புகின்றனர். நூலைத் தறிக்காரருக்குக் கொடுத்து, துணிக்குக் கூலி தரும் முறையே இங்கு பெரிதும் நிலவுகிறது. நூல் விலை ஏறும்போதெல்லாம் உற்பத்தியாளரும், கூலி உயராதபோதெல்லாம் தறித் தொழிலாளரும் நெருக்கடிக்கு உள்ளாவதும், கூலி உயர்வு ஒப்பந்தத்துக்கான வேலைநிறுத்தங்கள் திரும்பத் திரும்ப நிகழ்வதும் இவ்வூர்களின் அண்மைக்கால வரலாற்றில் ஒரு பகுதி. இந்தியாவில் எங்கோ ஓர் அரசு மருத்துவமனையில் குழந்தை ஒன்றின் முழங்கால் சிராய்ப்பைச் சுற்றும் துணி இங்கு நெய்ததாக இருக்க வாய்ப்பு உண்டு என்பதைப் பலர் அறியார்.

கட்டுத்துணிக்கும் நீடித்த நோயுள்ள குழந்தைகளுக்கும் உள்ள உறவு, மாவுக்கட்டு வழியாக வருகிறது. டச்சுப் படை மருத்துவர் அன்டோனியஸ் மாத்தைசன் 1850-களின் தொடக்கத்தில், சுட்ட ஜிப்சம் மாவைத் துணியில் தேய்த்து, நனைத்துச் சுற்றினால் சில நிமிடங்களில் கல்போல் இறுகும் என்று கண்டார். இன்றும் அக்கட்டின் அடியில் பஞ்சுச் சுருளும், மேலே மாவு ஏற்றிய காஸ் துணியுமே இருக்கின்றன. எலும்பு முறிவுக்கென வந்த இம்முறை, பிறவியிலேயே பாதம் உள்நோக்கி வளைந்த குழந்தைகளுக்கு வேறு விதத்தில் பயன்பட்டது. அமெரிக்காவின் அயோவாவில் இக்னேசியோ பொன்செட்டி 1940-களின் இறுதியிலிருந்து வகுத்த முறைப்படி, பிறந்த சில வாரங்களிலேயே பாதத்தைக் கையால் மெல்லத் திருத்தி மாவுக்கட்டிட்டு, வாரந்தோறும் அதை மாற்றி, ஐந்தாறு கட்டுகளில் பாதத்தை நேராக்கிவிடலாம். ஆயினும் சிகிச்சை அத்துடன் முடிவதில்லை. நேரான பாதம் மீண்டும் வளையாதிருக்க, இரு காலணிகளைக் குறுக்குக் கம்பியால் இணைத்த தாங்கி ஒன்றைக் குழந்தை முதல் மூன்று மாதம் நாளில் 23 மணி நேரமும், அதன்பின் நான்கு வயதுவரை உறங்கும் நேரத்திலும் அணிய வேண்டும். மருத்துவமனையில் சில வாரம், வீட்டில் நான்கு ஆண்டு என்பதே இச்சிகிச்சையின் உண்மையான கணக்கு. வீட்டுப் பகுதி தவறினால் மருத்துவமனைப் பகுதி வீணாகும். அரசு மருத்துவமனைகளுடன் இணைந்து இந்தியாவில் இப்பணியைச் செய்யும் கியூர் போன்ற அறக்கட்டளைகள் கட்டணமின்றித் தாங்கிகளைக் கொடுத்து, கால் வளர வளரப் பெரிய அளவை மாற்றித் தருவது இதனால்தான்.

முந்திய தலைமுறையில் இதைவிடப் பெரிய சுமையாக இருந்தது இளம்பிள்ளை வாதம். அது தசையை இயக்கும் நரம்பணுக்களைத் தாக்கி, பெரும்பாலும் ஒரு காலையோ இரண்டையுமோ மெலியச் செய்துவிடும். மெலிந்த கால் உடல் எடையைத் தாங்காததால், தொடையிலிருந்து காலணிவரை இருபுறமும் உலோகக் கம்பிகள் ஓட, தோல்வார்களால் கட்டப்பட்ட காலிபர் தேவைப்பட்டது. 1995-இல் தொடங்கிய தேசியச் சொட்டு மருந்து இயக்கத்தின் பயனாகத் தமிழ்நாட்டில் 2004-க்குப் பிறகு அந்நோய் பதிவாகவில்லை. 2014 மார்ச்சில் இந்தியா அந்நோயற்ற நாடாகச் சான்று பெற்றது. நோய் அகன்றதும் காலிபரின் தேவை அகன்றுவிடவில்லை. பிறக்கும்போது மூச்சுத் திணறல், குறைமாதப் பிறப்பு முதலியவற்றால் வரும் மூளை முடக்குவாதமும், தசைச் சிதைவு நோயும் உள்ள குழந்தைகளே இன்று இத்தகைய கருவிகளை அதிகம் நாடுகின்றனர். அவர்களுக்குக் காலுக்கு மட்டுமன்றி, உட்காரவும் உண்ணவும் நிற்கவும் தனித்தனித் தாங்கிகள் வேண்டியிருக்கின்றன.

இக்குழந்தைகளுக்கான அறம் முதலில் அவர்களை வீட்டிலிருந்து எடுத்துச் செல்வதாகவே அமைந்தது. பாளையங்கோட்டையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் ஆனி ஆஸ்க்வித் பார்வையற்றோருக்கும், பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் காது கேளாதோருக்கும் தொடங்கிய பள்ளிகள் விடுதிப் பள்ளிகள். திருநெல்வேலிச் சீமையின் பல ஊர்ப் பிள்ளைகளுக்கு அவை கல்வி தந்தன. ஆனால் பிள்ளை அங்கே, வீடு இங்கே. சாலை விபத்தில் 1954-இல் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை செய்து, 1966-இல் வேலூரில் உருவாக்கிய மறுவாழ்வு நிலையம், நோயாளி வீடு திரும்பி வாழ்வதை இலக்காகக் கொண்டது என்ற வகையில் ஒரு திருப்பம். எனினும் வேலூர் இராஜபாளையத்துக்கு வெகு தொலைவு.

இவ்வட்டாரத்துக்கு அண்மையில் நிகழ்ந்த திருப்பம் ஆய்க்குடியில் வந்தது. இராஜபாளையத்துக்குத் தெற்கே தென்காசியை ஒட்டிய அவ்வூரைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். உலக மாற்றுத்திறனாளிகள் ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்த 1981-இல், தமக்குச் சிகிச்சையளித்த ராணுவ மருத்துவர் ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச் சிதைவு நோயுடன் வாழ்ந்த பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் 1990-களின் தொடக்கத்தில் அவருடன் இணைந்தார். சில குழந்தைகளுக்கான பள்ளியாகத் தொடங்கிய சங்கம், பின்னாளில் கிராமங்களிலிருந்தே பணியாளர்களைத் தேர்ந்து பயிற்றுவித்து, வளர்ச்சிக் குறைபாடுள்ள சிறு குழந்தைகளின் வீடுகளுக்கே அனுப்பும் முறையைக் கைக்கொண்டது. பயிற்சியாளர் வீட்டுக்கு வரும்போது, எந்தத் தாங்கி பொருந்துகிறது, எது திண்ணையில் தூசு படிந்து கிடக்கிறது, எந்த நாற்காலி வீட்டு வாசற்படியில் நுழையவில்லை என்பதெல்லாம் தெரிந்துவிடுகிறது. இந்திய அரசு 2020-இல் இராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. தென் தமிழ்நாட்டில் கருவியைவிட, கருவியைப் பின்தொடரும் ஆளே முதன்மை என்று செயலில் காட்டிய முயற்சிகளில் இதற்கு முதலிடம் தரலாம்.

இதே கருத்தை உலகளவில் பரப்பிய நூல், டேவிட் வெர்னர் மெக்சிகோவின் மலைக் கிராமங்களில் பெற்ற பட்டறிவைக் கொண்டு 1987-இல் வெளியிட்ட ஊனமுற்ற கிராமக் குழந்தைகள் பற்றிய கையேடு. மூலையில் சாய்ந்து உட்காரும் இருக்கையையும் இணைகம்பிகளையும் உள்ளூர்த் தச்சரே மரத்திலும் மூங்கிலிலும் செய்யலாம் என்றும், அளவு குழந்தைக்கு ஏற்ப இருக்க வேண்டுமேயன்றிக் குழந்தையைக் கருவிக்குள் திணிக்கக் கூடாது என்றும் அது படங்களுடன் விளக்கியது.

குழந்தைக்கான கருவிக்குப் பெரியவர்களின் கருவிக்கு இல்லாத ஓர் இயல்பு உண்டு. எழுபது வயது முதியவருக்கு வாங்கிய சக்கர நாற்காலி அவர் காலம் முழுதும் பொருந்தும். மூன்று வயதில் செய்த காலிபர் நான்கு வயதில் கடிக்கும், ஐந்தில் புண்ணாக்கும். ஆகவே குழந்தைக்குத் தரும் எந்தக் கருவியும், தருபவர் எப்பெயரிட்டாலும், நடைமுறையில் இரவல்தான். கேள்வியெல்லாம் அது அடுத்த குழந்தைக்குப் போகிறதா, பரணுக்குப் போகிறதா என்பதே. உடலையொட்டி வார்க்கும் காலிபரை அப்படியே வேறு குழந்தைக்கு மாட்ட இயலாது என்பது உண்மை. ஆனால் அளவு மாற்றக்கூடிய இருக்கை, நிற்கும் சட்டம், நடைவண்டி, சக்கர நாற்காலி, நீர்ப்படுக்கை, நெபுலைசர், செறிவூட்டி ஆகியவை பழுது பார்த்துத் தூய்மைப்படுத்தினால் பல வீடுகளுக்குப் பயன்படும்.

இதை முறையாகச் செய்தவர்கள் உண்டு. பிரிட்டனில் செஞ்சிலுவைச் சங்கம் முதல் உலகப் போருக்குப் பிறகு நோயாளிப் பொருள்களை வீடுகளுக்கு இரவல் தரும் கிடங்குகளை ஏற்படுத்தியது. எருசலேமில் யூரி லூபோலியான்ஸ்கி என்ற ஆசிரியர், உடல்நலமில்லாத தம் குழந்தைக்காக அண்டை வீட்டில் நீராவிக் கருவி இரவல் வாங்கியதிலிருந்து, மற்றவர்களுக்கும் அத்தகைய கருவிகளை வாங்கி இரவல் தரத் தொடங்கினார். 1976-இல் பிறந்த அந்த யாத் சாரா அமைப்பு முன்பணம் பெற்றுக்கொண்டு கருவி தந்து, கருவி திரும்பியதும் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கத்தால் நாடு தழுவியதாக வளர்ந்தது. தமிழ்நாட்டுக்கு நெருக்கமான முன்மாதிரி கேரளத்தினுடையது. கோழிக்கோட்டில் 1993-இல் மருத்துவர்கள் எம். ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சைச் சங்கமும், அதன் தொடர்ச்சியாக மலப்புறம் போன்ற மாவட்டங்களில் உருவான அண்டையர் குழுக்களும், ஊரார் தரும் சிறு தொகைகளைக் கொண்டு செவிலியரையும் கருவிகளையும் வீட்டுக்கு அனுப்பின. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும் இயன்முறை மருத்துவத்தையும் ஆதரவுச் சிகிச்சையையும் வீட்டுக்குக் கொண்டுசெல்வதைத் தன் பணிகளில் சேர்த்துக்கொண்டது.

இந்திய அரசின் வழி வேறு. 1972-இல் கான்பூரில் நிறுவப்பட்ட அலிம்கோ என்னும் பொதுத்துறை நிறுவனம் கருவிகளைச் செய்கிறது. 1981-இல் வந்த அடிப் என்னும் திட்டம் அவற்றை வாங்கிப் பொருத்த நிதி தருகிறது. தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியின் கீழ் ஒவ்வொரு ஒன்றியத்திலும் உள்ள வட்டார வள மையம் சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிந்து, மருத்துவ மதிப்பீட்டு முகாம் நடத்தி, அளவெடுத்துக் கருவி வழங்குகிறது. பள்ளிக்கு வர இயலாத பிள்ளைகளின் வீட்டுக்கு இயன்முறை மருத்துவரும் சிறப்பாசிரியரும் செல்கின்றனர். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் பிறவிப் பாத வளைவும் இடம்பெற்றது. ஏழைக் குடும்பத்துக்கு இவை பெரும் துணை என்பதில் ஐயமில்லை. எனினும் இத்திட்டங்களின் வெற்றி வழங்கிய எண்ணிக்கையால் அளக்கப்படுகிறது. மேடையில் கொடுத்த நாற்காலி இரண்டாண்டு கழித்து எங்கே இருக்கிறது என்பதற்கு அறிக்கையில் இடமில்லை.

இங்குள்ள கொடை மரபும் இக்குறையைத் தானாகத் தீர்த்துவிடவில்லை. மதராஸ் மாகாணத்தின் முதல்வராக 1949 முதல் 1952 வரை இருந்த இராஜபாளையத்தவரான பி. எஸ். குமாரசாமி ராஜா, தம் வீட்டையே காந்தி கலை மன்றமாக ஊருக்குக் கொடுத்தார். வணிகச் சமூகங்கள் சரக்குக்கு இவ்வளவு என மகமை தண்டிப் பள்ளிகளும் மண்டபங்களும் கட்டியது விருதுநகர்ச் சீமையின் தனிச்சிறப்பு. இவை யாவும் நிலைத்து நிற்கும் கட்டடங்களைத் தந்த அறங்கள். கோயில் குழல்விளக்கிலும் உபயதாரர் பெயர் எழுதும் நாட்டில், கை மாறிக்கொண்டே இருக்கும் நடைவண்டிக்கு உபயதாரர் கிடைப்பது அரிது. அதன் திருகாணி மாற்றும் செலவுக்குக் கிடைப்பது அதனினும் அரிது. ஆனால் இரவல் முறையும் இங்கே புதிதன்று. கல்யாணத்துக்கு அண்டாவும் சமுக்காளமும் உறவின்முறை மண்டபத்தில் எண்ணி வாங்கி, எண்ணித் திருப்பி, நெளிந்ததற்கு ஈடு கட்டும் ஒழுங்கு தலைமுறைகளாகப் பழகியது. 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலையின்போது தொண்டு அமைப்புகள் ஆக்சிஜன் செறிவூட்டிகளை வாங்கி வீடுகளுக்கு இரவல் தந்தது, அவ்வொழுங்கு மருத்துவக் கருவிக்கும் பொருந்தும் என்பதற்குச் சான்று.

கட்டுத்துணிக்கு ஆலையும் தறியும் கண்ட இவ்வட்டாரத்தில், குழந்தைகளின் கருவிகளைத் திரும்பப் பெற்றுப் பழுது பார்த்து மறுபடி தரும் கிடங்கு ஒன்றை வட்டார வள மையத்தை ஒட்டியோ, ஊர்ப் பொது மண்டபத்திலோ அமைப்பது பெரும் முதலீடு கேட்கும் செயலன்று. ஒரு பதிவேடும், ஒரு தச்சரும், மாதம் ஒருமுறை வந்து பார்க்கும் இயன்முறை மருத்துவரும் போதும். அதுவரை பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய விதி ஒன்று உண்டு: அடிப் திட்டத்தில் ஒருமுறை கருவி பெற்றவர் மீண்டும் கேட்க மூன்றாண்டு காத்திருக்க வேண்டும் என்றாலும், 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அந்த இடைவெளி ஓராண்டு மட்டுமே; அது கடந்தபின், கால் வளர்ந்து காலிபர் இறுகியதும் மறுபடி விண்ணப்பிக்கலாம்.